கொள்முதல் விலையும் 50 கோடி யூரோவும்

ஜெர்மனியின் லிடில் மளிகைக் கடைகள் 2011-இல் தங்கள் சொந்தச் சரக்கு மேலாண்மை மென்பொருளை விட்டு, மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபியின் ஆயத்த மென்பொருளுக்கு மாறும் பணியைத் தொடங்கின. 2018 கோடையில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. செலவு ஏறத்தாழ 50 கோடி யூரோ என்று பத்திரிகைகள் மதிப்பிட்டன. சிக்கலின் வேர்களில் ஒன்று கணக்கு எழுதும் வழக்கம். இருப்புச் சரக்கை லிடில் கொள்முதல் விலையில் மதிப்பிட்டு வந்தது. எஸ்ஏபியின் சில்லறை வணிக மென்பொருளோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. வழக்கத்தை மாற்ற லிடில் இசையவில்லை, மென்பொருளை மாற்றச் சொன்னது. ஒரு திருத்தம் இன்னொரு திருத்தத்தைக் கேட்டது. தலைமைப் பொறுப்புகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்ததும் சேர்ந்துகொள்ள, நிறுவனம் கடைசியில் பழைய அமைப்புக்கே திரும்பியது.

வாங்குவதா, எழுதிக்கொள்வதா என்பதை உரிமக் கட்டணத்துக்கும் நிரலாளர் சம்பளத்துக்கும் இடையிலான கூட்டல் கழித்தலாகவே பலர் பார்க்கிறார்கள். லிடிலுக்கு அந்தக் கணக்கு உதவியிருக்காது. ஆயத்த மென்பொருளோடு ஒரு வேலைமுறையும் சேர்ந்தே வருகிறது. அந்த வேலைமுறை வேண்டாம் என்பவர் அந்த மென்பொருளை வாங்குவதில் பொருளில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சியும் இதே பள்ளத்தில் விழுந்தது. 2022 ஏப்ரலில் ஆரக்கிள் என்ற ஆயத்த மென்பொருளுக்கு மாறியபோது, தன் பழைய நடைமுறைகளுக்கு ஏற்ப அதை வளைத்தது. வங்கி வரவுகளைக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பகுதி ஒழுங்காக ஓடவில்லை. முதலில் 1.9 கோடி பவுண்டு என்று போட்ட மதிப்பீடு பின்னர் 10 கோடியை எட்டியது. 2023 செப்டம்பரில் மாநகராட்சி நிதி நெருக்கடியை முறைப்படி அறிவித்ததற்குச் சம ஊதியக் கோரிக்கைகளின் சுமை முக்கியக் காரணம். மென்பொருளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆரக்கிளை இம்முறை பெரிதாகத் திருத்தாமல், விற்கப்படும் வடிவிலேயே மறுபடி நிறுவுவது என்று பிறகு முடிவாயிற்று. அந்த முடிவை முதலிலேயே எடுத்திருக்கலாம்.

சொந்தமாக எழுதிக்கொள்வதே மேல் என்றும் இதிலிருந்து தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் எஃப்பிஐ, வழக்குக் கோப்புகளுக்கெனத் தனியே எழுதச் செய்த மென்பொருளை 2005-இல் கைவிட்டது. 17 கோடி டாலர் போயிற்று. என்ன வேண்டும் என்பதை வேலை நடக்கும்போதே மாற்றிக்கொண்டிருந்தால் எந்த நிரலாளரும் கரைசேர்க்க முடியாது.

இந்தியச் சிறுதொழில்கள் நன்கறிந்த டேலி கணக்கு மென்பொருளின் பிறப்பு இந்த விவாதத்துக்குச் சுவையான சான்று. ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் விற்றுவந்த ஷ்யாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவிடம் ஒன்றை எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் அது நிறுவனமாயிற்று. ஒரு குடும்பத் தொழிலுக்காக எழுதியது பிறகு எல்லோருக்குமான ஆயத்தச் சரக்கு. இன்று தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில்கூடக் கணக்கர் வேலைக்கு ‘டேலி தெரிந்தவர் தேவை’ என்று விளம்பரம் வருகிறது. வாங்குபவருக்கு மென்பொருளோடு அதில் பழகிய ஆட்களும் கிடைக்கிறார்கள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது அதற்கான மாற்றங்களைச் செய்வது விற்பவரின் வேலையாக இருந்தது; தனியே எழுதி வாங்கியவர்களோ அவரவர் நிரலாளரைத் தேட வேண்டியிருந்தது.

வரி, சம்பளம், பேரேடு ஆகியவற்றில் எல்லோருக்கும் ஒரே சட்டம். அவற்றில் தனித்தன்மை காட்டி யாரும் வாடிக்கையாளரை ஈர்ப்பதில்லை, ஆகவே வாங்கிவிடலாம். போட்டியாளரிடம் இல்லாத வேலைமுறைக்கு மட்டும் சொந்த மென்பொருள் பொருந்தும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஐபிஎம்முடன் சேர்ந்து 1960களில் உருவாக்கிய சேபர் முன்பதிவு அமைப்பு அப்படிப்பட்டது. விமான இருக்கை விற்பனையில் அது அந்நிறுவனத்துக்குப் பெரும் பலமாயிற்று. பின்னாளில் பயண முகவர்களின் மேசைக்கும் போய்ச் சேர்ந்தது.

எழுதி வாங்க முடிவெடுப்பவர் சட்டத்தையும் பார்த்துவைப்பது நல்லது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கொள்கிறது. சம்பள ஊழியர் பணியின் பகுதியாக எழுதினால், வேறு உடன்பாடு இல்லாதவரை, உரிமை முதலாளிக்கு. வெளியாள் எழுதினால் பொதுவாக உரிமை எழுதியவருக்கே. அதை மாற்றித்தர எழுத்துவழி ஒப்பந்தம் வேண்டும். ரசீது மட்டும் கையில் இருந்தால், மூல நிரலைக் கேட்கப் போகும் நாளில்தான் இந்த வேறுபாடு தெரியவரும்.