இறம்பொடை வீதியும் கொழும்புத் துறைமுகமும்

இறம்பொடைக் கணவாயில் நின்றுகொண்டு கொழும்புத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகப் படலாம். ஆனால் இன்றைய கொழும்பை எழுப்பியது இம்மலைகளின் விளைச்சல்தான்.

துறை பழையதே. 1344இல் வந்த இப்னு பதூதா, கலன்பூவைச் சரன்தீபின் அழகிய பெருநகரங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். ஆயினும் தென்மேல் பருவக்காற்றுக்கு ஒதுங்க அங்கு இடமில்லை. பெருங்கப்பல்கள் காலியையே நாடின. கோப்பி பெருகியதும் நிலைமை மாறிற்று. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினர். அதற்குள், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கிவிட்டது. கோப்பிப் பணத்தை நம்பித் தொடங்கிய துறைமுகம் தேயிலைக்கே பயன்பட்டது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலமும் ஆரம்பமாயிற்று.

இவற்றுக்கெல்லாம் முன்பே கரையையும் மலையையும் இணைத்தவர்களுள் சோனகர் முக்கியமானவர்கள். அவர்களுடைய தவளங்களில், பொதிமாடுகளின் முதுகில், உப்பும் கருவாடும் துணியும் மேலேறின. பாக்கும் மிளகும் கீழிறங்கின. அதே சோனகர் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் காணி வாங்க ஒல்லாந்தர் விதித்த தடை 1832இல்தான் நீங்கியது. சரக்குக்கு இருந்த இடம் சுமந்து வந்தவனுக்கு இருக்கவில்லை.

கோப்பித் தோட்டங்களை உண்டாக்கிய தமிழ்த் தொழிலாளரோ கொழும்பைக் காணவேயில்லை எனலாம். பெரும்பாலோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். துறைமுகத்தைப் பற்றி எழுதுவோர் பொறியியலாளரின் பெயரை மறப்பதில்லை; இந்த நடையை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

1885இல் புகையிரதம் ஹட்டன் வழியாக நானுஓயாவை எட்டியது. இறம்பொடையை அது தொடவில்லை. புசல்லாவை, கம்பளை என்று வளைந்திறங்கும் வீதிதான் இவ்வூர்த் தேயிலைக்குத் துறைமுகத்தின் வாசல்.