வால்வா, டிரான்சிஸ்டரா? வயக்காட்டு ரேடியோவோட கதை

ஏடிடி 27 என்று ஒரு நெல் ரகம். ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில் 1960களின் நடுவில் வெளியிட்டார்கள். தஞ்சாவூர்க்காரங்க அதுக்கு வச்ச பேரு ‘ரேடியோ நெல்லு’. திருச்சி வானொலியில் அந்த ரகத்தைப் பற்றி விடாமல் சொன்னார்கள், கேட்டவங்க விதை வாங்கி விதைச்சாங்க, பேரும் அப்படியே ஒட்டிக்கிச்சு. 1966ல் வானொலியில் ‘பண்ணையும் வீடும்’ பிரிவு தொடங்கியபோது திருச்சியும் அதில் இருந்தது. மதுரைக்கென்று தனி நிலையம் வர 1980கள் ஆனது. அதுவரைக்கும் சோழவந்தான், மேலூர், திருமங்கலம் பக்கத்து விவசாயிக்கும் திருச்சிதான் ரேடியோ. அங்கிருந்து எங்க பக்கம் 130 கிலோமீட்டர் இருக்கும்.

சரி, சொன்னதை எதுல கேட்டாங்க? டிரான்சிஸ்டர் வந்துச்சு, வால்வு ரேடியோ ஒழிஞ்சுச்சு, எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்கன்னு ஒரே வரியில முடிச்சிடுறோம். அது அவ்வளவு சுலபமா நடக்கல.

திருச்சி நிலையம் 1939ல் தொடங்கியது. அந்தக் காலத்து ரேடியோ என்றால் உள்ளே கண்ணாடிக் குழாய்கள், அதாவது வால்வுகள். ஒவ்வொரு வால்வுக்குள்ளும் ஒரு இழை சூடேறி எரிய வேண்டும், அப்போதுதான் அதிலிருந்து எலக்ட்ரான் கிளம்பும். கரண்ட் இருந்தால் பிரச்சினை இல்லை. மூங்கில் கம்பத்தில் ஏரியல் கட்டி, தரையில் எர்த் கம்பி புதைத்து அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால், பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோ மந்தை முழுக்கக் கேட்கும். பூங்காவில் கூம்பு ஒலிபெருக்கி வைத்து, சாயந்திரம் செய்தி போட்டதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கரண்ட் இல்லாத ஊரில்தான் வால்வு ரேடியோ படுத்தும். அதற்கு இரண்டு வகை பேட்டரி வேண்டும். இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ட், எலக்ட்ரானை இழுக்க 90 வோல்ட். 90 வோல்ட் பேட்டரி என்றால் 60 சின்ன செல்களை வரிசையாக அடுக்கிய கட்டு. அதில் ஒரு செல் செத்தாலும் கட்டு முழுக்கப் போச்சு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க: நாலு வால்வு பேட்டரி ரேடியோவின் இழைகளுக்கு 250 மில்லி ஆம்பியர், கிட்டத்தட்ட 0.4 வாட். 90 வோல்ட் பக்கம் 10 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் 0.9 வாட். மொத்தம் ஒன்றேகால் வாட் சொச்சம். 6 வோல்ட்டில் ஓடும் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு மிதமான சத்தத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு போதும், அதுவும் பெட்டிக்கடையில் கிடைக்கிற டார்ச் கட்டையிலேயே.

வால்வுக்காரங்களும் சும்மா உக்காரல. 1950களில் பிலிப்ஸ் கொண்டுவந்த புது பேட்டரி வால்வுகள், இழைக்கு வேண்டிய கரண்டைப் பாதியாகக் குறைத்தன. 1955 வாக்கில் அமெரிக்காவின் எமர்சன் கம்பெனி இரண்டையும் கலந்தே ஒரு பாக்கெட் ரேடியோ போட்டது: அலையைப் பிடிக்கும் வேலைக்கு வால்வு, சத்தத்தைப் பெருக்கும் வேலைக்கு டிரான்சிஸ்டர். ஏன் அப்படிப் பிரித்தார்கள் என்பதில்தான் நம்ம பக்கத்துக்கான விஷயம் இருக்கிறது.

பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது 1947 டிசம்பரில். கடைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ, 1954ல் அமெரிக்காவில் விற்ற ரீஜென்சி டிஆர்-1. நாலு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், 49 டாலர் 95 சென்ட் விலை, இருபது முப்பது மணி நேரத்தில் தீர்ந்துபோகும் இருபத்திரண்டரை வோல்ட் பேட்டரி. அது மத்திய அலை மட்டும்தான் எடுக்கும். அன்றைய ஜெர்மானியத்துக்கு வேகம் பத்தாது. ஓசி 71 போன்றவை பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும், ரேடியோ அலையைத் தொட முடியாது. ஓசி 45, ஓசி 44 வந்து மத்திய அலையைச் சமாளித்தன. சிற்றலைக்கு ஓசி 170 மாதிரி புது வகை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுக்காரனுக்குச் சிற்றலை இல்லாத ரேடியோ எதுக்கு? 1952ல் அமைச்சர் கேஸ்கர் வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கியதும், ஜனம் மொத்தமும் இலங்கை வானொலிக்குத் திரும்பியது. நம்ம அரசாங்கம் 1957ல் விவித பாரதியைத் தொடங்கியதே அந்தக் கூட்டத்தைத் திரும்ப இழுக்கத்தான். ஆக, முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ நம்ம ஊர் டீக்கடைக்கு வந்திருந்தால் பேட்டரிச் செலவு மிச்சம், பாட்டு நஷ்டம். கடைக்காரர் வால்வு பெட்டியைத்தான் வைத்திருப்பார், அதுதான் நியாயமும்.

இது நம்ம ஊர் தயக்கம் மட்டும் இல்லை. தூரத்து நிலையம் பிடிக்கப் பேர் போனது அமெரிக்காவின் ஜெனித் டிரான்ஸ் ஓஷியானிக். அதன் டிரான்சிஸ்டர் வடிவம் 1957 கடைசியில் வந்தது, விலை 250 டாலர். அது வந்த பிறகும் 1962 வரை வால்வு வடிவத்தையும் சேர்த்தே விற்றார்கள்.

அடுத்த எதிரி நம்ம வெயில். ஜெர்மானியம் சூடானால் கரண்ட் கசியும். 10 டிகிரி கூடினால் கசிவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 25 டிகிரியில் இருக்கிற கசிவு 45 டிகிரியில் நாலு மடங்கு, 55ல் எட்டு மடங்கு. சித்திரை மாசம் மதுரை வெயில்ல, வரப்பு மேல வச்ச ரேடியோ பெட்டிக்குள்ள 55 டிகிரி ஒண்ணும் அதிசயம் இல்ல. கசிவினால் சூடு, சூட்டினால் இன்னும் கசிவு என்று சுத்தி, கடைசியில் டிரான்சிஸ்டரே வெந்துபோகும். இதைத் தடுக்க, சூடேறினால் கரண்டைக் குறைக்கிற சின்ன உறுப்பு ஒன்றை சர்க்யூட்டில் சேர்த்தார்கள். வால்வுக்கு இந்தக் கவலையே கிடையாது, அது ஏற்கெனவே அடுப்பு. (ஓசி 71ஐப் பற்றி ஒரு வேடிக்கை: கண்ணாடிக் கூட்டின் மேல் பூசிய கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினால், வெளிச்சம் பட்டாலே கரண்ட் ஓடும். ரேடியோ மெக்கானிக்குகள் அதை ஒளி உணரும் கருவியாகவே மாற்றி விளையாடினார்கள்.)

அப்புறம் எப்படி டிரான்சிஸ்டர் ஜெயிச்சது? ஆட்டம். பேட்டரி வால்வின் இழை தலைமுடியை விட மெல்லிசு. மாட்டு வண்டியில் வைத்து ஊர்ப் பாதையில் ஓட்டினால் எத்தனை நாள் தாங்கும்? டிரான்சிஸ்டருக்குள் எரிய இழையும் இல்லை, சூடாகும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஏரியல் கம்பமும் வேண்டாம். உள்ளே ஒரு கறுப்பு ஃபெரைட் கட்டை, அதில் சுற்றிய கம்பி, மத்திய அலைக்கு அவ்வளவுதான். திருச்சி சரியா எடுக்கலன்னா பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைக்கணும். களை எடுக்கிற இடத்துல ரேடியோவைத் திருப்பித் திருப்பி வைக்கிறதே சின்ன வயசுல எனக்கு ஒரு வேலை.

பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961ல் ரேடியோ வால்வு செய்ய ஆரம்பித்து, அடுத்த வருஷமே ஜெர்மானியம் டிரான்சிஸ்டரும் செய்தது. எது நிலைக்கும் என்று அவர்களும் இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தார்கள் போல.

என்னைக் கேட்டால் கரண்ட் இருக்கிற மண்டபத்துக்கு வால்வு ரேடியோதான் அன்றைக்கு நல்லது. சத்தம் கனமா, நிறைவா இருக்கும். ஆனா அந்த மண்டபம் எல்லாருக்கும் ஒண்ணா இருந்துச்சா? மந்தையில் ரேடியோ ஓடும்போது திண்ணையில் யார் உட்காரலாம், யார் தள்ளி நிற்கணும் என்பது ஊர் வழக்கம். சேரிக்காரரும் பெண்களும் சாயந்திரம் அங்கே வந்து நிம்மதியாகக் கேட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாத்து நடுற பொம்பளைங்க நடுவுல வரப்புல ஒரு டிரான்சிஸ்டர் பாடுதுன்னா, அதைக் கேக்க யாருகிட்டயும் உத்தரவு வாங்க வேண்டாம். ஓசி 71ன் கசிவு, பேட்டரிச் செலவு, தகர டப்பா சத்தம் எல்லாத்தையும் ஒரு தட்டுல வச்சு, இதை மறு தட்டுல வச்சா எனக்கு இதுதான் கனமா தெரியுது.

உத்தரவு வேண்டாம் என்றேனே, போஸ்ட் ஆபீஸ் உத்தரவு மட்டும் வேணும். 1933ம் வருஷத்து கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி ரேடியோவுக்கு லைசென்ஸ். தபால் நிலையத்தில் வருஷா வருஷம் பணம் கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்கணும். 1980களில்தான் அது ஒழிந்தது. பெரிய பெட்டின்னா வீட்டுல வந்து பாத்து லைசென்ஸ் கேக்கலாம். சாக்குப் பைக்குள்ள போற டிரான்சிஸ்டரை யாரு தேடுறது?

இன்னொண்ணு. கையில் இருந்த ரேடியோ டிரான்சிஸ்டர் ஆன பிறகும், அனுப்புகிற பக்கம் வால்வுதான் ரொம்ப காலம் ஓடியது. கிலோவாட் கணக்கில் சக்தி தாங்க அன்றைய டிரான்சிஸ்டரால் ஆகாது. தண்ணீர் விட்டும் காற்று அடித்தும் குளிர வைக்கிற பெரிய பெரிய வால்வுகள் அங்கே எரிந்துகொண்டிருக்க, இங்கே தீர்ந்துபோன கட்டையைக் கூரை மேல வெயில்ல காய வச்சு, இன்னும் ஒரு நாள் பாட வைக்கப் பாத்துக்கிட்டு இருந்தோம்.