திருவொற்றியூர் வண்டியும் திபெத்துச் சாலையும்

கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் கல்வெட்டுகள் உண்டு; சாலைக்கு மைல்கல் ஒன்றே கல்வெட்டு. அது தூரத்தைச் சொல்லும். அந்தச் சாலையை வகுத்தவர் யார், அதற்குக் கல் சுமந்தவர் யார், எவருடைய நலனை நாடி அது அமைக்கப்பட்டது என்பனவற்றைச் சொல்லாது. இமாசலப் பிரதேசத்தின் தலைநகராகிய சிம்லாவிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்று, சட்லெஜ் நதியின் கரையோடு திபெத்தின் எல்லைவரை ஏறும் நெடுஞ்சாலை அத்தகையது. ‘இந்துஸ்தான் - திபெத்துச் சாலை’ என்பது அதன் பழம்பெயர். அச்சாலையில் சிம்லா முதல் ராம்பூர் வரையுள்ள ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தூரத்தை, 1960களில் செய்யப்பெற்ற ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளில், ஒரு பகற்பொழுதில் நாம் கடந்தோம். சாலையின் வரலாறும் வண்டியின் வரலாறும் அன்று ஒன்றையொன்று விளக்கின. அவ்விரண்டையும் நேயர்களுக்குச் சொல்லுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் சாலை. 1850ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிப் பிரபுவின் ஆணைப்படி இதன் வேலை தொடங்கிற்று. திபெத்திலிருந்து வரும் உயர்ந்த ஆட்டு ரோமத்தையும் பிற சரக்குகளையும் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட வழியாகவே சமவெளிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஆட்சியாளரின் எண்ணம். இன்னொரு காரணமும் கூறப்பட்டது. அந்நாளில் மலைச் சிற்றரசுகளின் குடிகள் ‘பேகார்’ என்னும் கட்டாய வேலைக்கு உட்பட்டிருந்தனர். அதிகாரிகளின் மூட்டைகளைக் கூலியின்றியோ, பெயரளவான கூலிக்கோ முதுகில் சுமந்து மலையேற்றுவது அவர்கள் கடமை. நல்ல சாலை அமைந்து கோவேறு கழுதைகளும் வண்டிகளும் செல்லத் தொடங்கினால் மனிதர் சுமக்கும் கொடுமை நீங்கும் என்றனர். ஆனால் அந்தச் சாலையே அவ்வகைக் கட்டாய உழைப்பைக் கொண்டுதான் வெட்டப்பட்டது. சுமையைக் குறைப்பதாகச் சொல்லிய சாலையைச் சுமந்தவர்களே அமைத்துத் தந்தார்கள்.

சிம்லாவை விட்டுச் சஞ்சௌலியைக் கடந்ததும் டல்லி என்னுமிடத்தில் ஒரு பழைய சுரங்க வழி இருக்கிறது. 1850களின் தொடக்கத்தில், வெடியும் உளியும் மனிதர் கையுமாகக் குடைந்த வழி அது. அதனுள் நம் வண்டி நுழைந்தபோது எழுந்த முழக்கம் மலையே பேசுவது போலிருந்தது. அந்தப் பாறையில் உளி பிடித்த ஒருவருடைய பெயரும் அங்கே பொறிக்கப்படவில்லை.

இனி வண்டியின் கதை. இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊர் ஊசி செய்வதில் பெயர் பெற்றது. அங்கே ஊசி செய்துவந்த ஒரு நிறுவனம் சைக்கிள் தொழிலில் இறங்கி, 1890களில் கை மாறி, என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்தது. அந்த உறவினால் ‘ராயல் என்ஃபீல்டு’ என்ற பெயர் பிறந்தது. 1901இல் அதன் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. ‘புல்லட்’ என்னும் பெயர் 1930களின் தொடக்கத்தில் வந்தது. துப்பாக்கித் தொழிற்சாலையின் ஊர்ப் பெயரைத் தாங்கிய வண்டிக்குக் குண்டின் பெயர் பொருத்தமே அன்றோ!

என்ஃபீல்டு என்ற சொல்லை நம் நாடு அதற்கு முன்பே அறியும். 1857ஆம் ஆண்டில் சிப்பாய்கள் கடிக்க மறுத்த தோட்டா, என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியது. அவ்வாண்டு மே மாதத்தில் சிம்லாவை அடுத்த ஜதோக்கிலிருந்த கூர்க்காப் படை கட்டளைக்கு அடங்க மறுத்தது என்ற செய்தி பரவவே, சிம்லாவிலிருந்த ஆங்கிலேயர் குடும்பத்தோடு காடுமேடெல்லாம் ஓடி ஒளிந்தனர். சாலை வெட்டத் தொடங்கி ஏழாண்டுகளே ஆகியிருந்தன.

அந்தப் பெயர் நூறாண்டு கழித்துச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. சுதந்திரத்திற்குப் பின் எல்லைக் காவலுக்கும் போலீசுப் பணிக்கும் உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. 1950களில் நம் அரசாங்கம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்து, 800 வண்டிகள் வேண்டுமென்று கேட்டது. அக்காலத்திற்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. 1955இல் ரெடிச் நிறுவனமும் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி ‘என்ஃபீல்டு இந்தியா’வை ஏற்படுத்தின. பாதிக்கு மேற்பட்ட பங்கு இந்தியருடையது. சென்னைக்கு வடக்கே, தியாகராஜர் கோயில் கொண்ட திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டி முடித்தார்கள். 1957இல் உறுப்புகளைச் செய்யும் கருவிகளே வந்தன. 1962க்குள் வண்டி முழுவதும் இந்நாட்டிலேயே உருவாகலாயிற்று.

பின் நடந்தது விந்தை. ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970க்குள் தாய் நிறுவனமே மறைந்தது. திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. 1977இல் அங்கே செய்த புல்லட், அது பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. கற்றுக்கொடுத்தவர் கைவிட்ட தொழிலைக் கற்றுக்கொண்டவர் காத்தனர். 1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 2010ஐ ஒட்டி விடைபெற்றது. டாங்கின் மேலுள்ள பொன்னிறக் கோட்டை அச்சு வைக்காமல் தூரிகை பிடித்துக் கையால் இழுக்கும் வழக்கம் மட்டும் நெடுங்காலம் நிலைத்தது.

அத்தகைய வண்டியை ஓட்டுவது ஒரு பழங்கலை. சாவியைத் திருப்பியதும் ஓடும் வண்டியன்று அது. முதலில் பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். பிறகு கிக்கரைக் காலால் மெல்ல அழுத்தி, முகப்பு விளக்கின் மேலுள்ள ஆம்பியர் மீட்டரைப் பார்த்திருக்க வேண்டும். முள் நடுவே வந்து நிற்குமிடத்தில், இடக்கையருகேயுள்ள சிறு பிடியை இழுத்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி, கிக்கரை இன்னும் சிறிது தாழ்த்தி, மீண்டும் மேலே கொண்டுவந்து, ஒரே உதை உதைக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். இக்கால வண்டிகளில் பழகியவருக்கு எல்லாம் தலைகீழ்.

ஆயினும் மலைக்கு ஏற்ற எஞ்சின் அது. உருளையின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். அதனுள் பிஸ்டன் ஓடும் நீளம் 90 மில்லிமீட்டர். அகலத்தைவிட நீளம் மிகுந்த எஞ்சின் விரைந்து சுழலாது. மெதுவாகச் சுழன்றே நல்ல இழுவிசை தரும். அதன் திறன் ஏறத்தாழ 18 குதிரைதான். ஆனால் அது பந்தயக் குதிரையன்று, வண்டிமாட்டின் இயல்புடையது. கூஃப்ரி, பாகு, தியோக், மத்தியானா என ஒவ்வோர் ஊராக அது நிதானமாய் ஏறிற்று. இவ்வூர்களுள் பல பழங்காலத்தில் பயணிகள் தங்கிய இடங்கள். மூட்டை சுமந்தவர்கள் மூன்று நான்கு நாட்கள் நடந்த தூரம் நண்பகலுக்குள் கடந்துபோயிற்று.

நார்கண்டாவை நெருங்கும்போது வண்டி இருமத் தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரமுள்ள ஊர் அது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரோ அதைக் கணக்கில் கொள்ளாமல், காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலை ஊட்டிக்கொண்டேயிருக்கும். எரியாத மிச்சம் கரியாகிப் பிளக்கில் படியும். வங்காள விரிகுடாவின் ஓரத்தில் பிறந்த வண்டி மலைக்காற்றில் மூச்சுத் திணறியது இதனால்தான்.

சாலையோரத்தில் தகரக் கூரையிட்ட பட்டறை ஒன்றில் நரைத்த தலையுடைய மிஸ்திரி ஒருவர் இருந்தார். அவர் வண்டியைத் தொடவில்லை. சற்று நேரம் அதன் ஓசையைக் கேட்டார். பிறகு பிளக்கைக் கழற்றி மணற்காகிதத்தால் தேய்த்து, கார்புரேட்டரின் திருகைச் சிறிது திருப்பி, “இப்போது பாருங்கள், பாய் சாஹப்” என்றார். வண்டி சீராகத் துடித்தது. நம்முடைய இந்தி உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, “வண்டி மதராஸிலிருந்து வந்தது. நீங்களுமா?” என்று வினவினார். ஆம் என்றோம். “வண்டி வந்து ரொம்ப நாளாயிற்று. அது எங்கள் ஊருடையதாகிவிட்டது” என்று சொல்லிச் சிரித்தார். காசு வாங்க மறுத்து, தேநீருக்கு மட்டும் இசைந்தார்.

நார்கண்டாவிலிருந்து பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்து தானேதார், கோட்கட் ஆகிய ஊர்களின் வழியே இறங்கினோம். சரிவெங்கும் ஆப்பிள் தோட்டங்கள். தில்லியிலும் சண்டிகரிலும் வாழும் நம்மவர் வாங்கியுண்ணும் சிம்லா ஆப்பிளின் பிறப்பிடம் இது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்திலிருந்து 1904இல் தொழுநோயாளருக்குப் பணி செய்யவந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற இளைஞர் கோட்கட்டில் குடியேறி, மலைப் பெண் ஒருவரை மணந்து, உழவராக வாழத் தலைப்பட்டார். 1916இல் அமெரிக்காவிலிருந்து இனிப்பு மிக்க ஆப்பிள் வகையைத் தருவித்து நட்டார். அதுவரை தானியம் விளைவித்து வறுமையில் உழன்ற மலைமக்களுக்கு அம்மரம் செல்வமாயிற்று.

அவர் செய்த மற்றொரு பணி நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. பேகார் முறையை எதிர்த்துக் கோட்கட் மக்களைத் திரட்டியவர் அவர். சாலை வகுத்து எழுபது ஆண்டு சென்றபின்பும், வேட்டைக்கும் உல்லாசத்துக்கும் வரும் துரைகளின் மூட்டைகள் குடியானவன் முதுகிலேயே ஏறின. அறுவடைக் காலத்திலும் அவன் கதிரை விட்டுச் சுமைக்குச் செல்ல வேண்டும். 1920, 1921 ஆண்டுகளில் மக்கள் ஒன்றுபட்டு மறுத்து நின்றனர்; அவ்வட்டாரத்தில் கட்டாயச் சுமை ஒழிந்தது. 1921 டிசம்பரில் ஸ்டோக்ஸ் தேச விடுதலை இயக்கத்தில் கைதாகிச் சிறை சென்றார். 1932இல் இந்து சமயத்தைத் தழுவிச் சத்தியானந்தர் ஆனார். 1946இல், விடுதலையைக் காணாமல், மறைந்தார். டல்ஹௌசியின் சாலை தருவதாகச் சொன்ன விடிவை அம்மக்களின் மறுப்புத்தான் தந்தது.

அங்கிருந்து சட்லெஜ் பள்ளத்தாக்குக்கு ஒரே இறக்கம். தேவதாரு மரங்கள் மறைந்து, கள்ளிப் புதர்களும் வெப்பமும் வந்துவிடுகின்றன. இறக்கத்தில் பழைய டிரம் பிரேக்கை நம்பக் கூடாது. கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியிலேயே வண்டியை இறக்க வேண்டும். ஆற்றை ஒட்டிய நீரத் என்னும் ஊரில் பழமையான சூரியன் கோயிலைக் கண்டு, பொழுது சாய்வதற்குள் ராம்பூரை அடைந்தோம்.

ராம்பூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலுள்ள ஆற்றங்கரை ஊர்; புஷஹர் அரசின் தலைநகராய் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அவ்வரசுக்கும் திபெத்துக்கும் ஏற்பட்ட வாணிக உடன்படிக்கையின் நினைவாக, ஆண்டுதோறும் நவம்பரில் இங்கே லாவி என்னும் பெருஞ்சந்தை கூடுகிறது. ஆட்டு ரோமமும் உப்பும் உலர்ந்த பழங்களும் குதிரைகளும் கைமாறிய சந்தை அது. 1962ஆம் ஆண்டுப் போர் திபெத்து வாணிகத்தை நிறுத்தியது. 1994இல் ஷிப்கி கணவாய் வழியே அது சிறிய அளவில் மீண்டும் தொடங்கிற்று. 1960இல் தோன்றிய எல்லைச் சாலை அமைப்பினர் பனியிலும் பாறைச் சரிவிலும் உயிரைப் பணயம் வைத்து எல்லைச் சாலைகளைப் பேணிவருகின்றனர். வணிகம் நின்றபோதும் சாலை நிற்கவில்லை.

இவற்றையெல்லாம் எண்ணும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. சாலையை வகுத்த பேரரசு போயிற்று. சாலை, அதில் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆப்பிள் ஏற்றிச் செல்லும் வழியாயிற்று. வண்டியை வகுத்த ரெடிச் ஆலை போயிற்று. வண்டி, திருவொற்றியூரில் அதைச் செய்தவர்களுக்கும் நார்கண்டாவில் அதைப் பழுது பார்ப்பவர்களுக்கும் உரியதாயிற்று. தோற்றுவித்தவரின் பெயர் ஏட்டில் நிற்கலாம். உரிமை, நாள்தோறும் பேணுபவரிடம் சென்று சேர்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம், இது யாருடைய ஊர், இங்கே நமக்கு என்ன பாத்தியதை என்று சில வேளைகளில் நினைப்பதுண்டு. பிறந்த ஊரை மறக்க வேண்டியதில்லை. அந்தப் பழைய வண்டியின் எஞ்சின் ஓசையில் திருவொற்றியூர் இருக்கத்தான் செய்தது. ஆனால் நார்கண்டா மிஸ்திரி அதற்கு வழங்கிய ஊருரிமையை, அது ஐம்பதாண்டுக்கு மேல் அம்மலைச் சாலையில் பாடுபட்டுப் பெற்றது. நாமும் பணிபுரியும் இடத்தில் உண்மையாய் உழைத்தால் அவ்வுரிமை நம்மையும் வந்தடையும். கோட்கட்டில் குடியேறிய அந்த அமெரிக்கர் வாழ்ந்து காட்டியதும் அதுவே.