ஒரு தொன் சுமையும் ஒரு துணிப்பையும்



சென்ற கோடையில் என் மகள் சிநேகிதிகளுடன் நான்கு நாள் மலைநடைக்கு ஆயத்தமானாள். அவள் முதுகுப்பையை அடுக்க அடுக்க, நான் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு கம்பளிச் சட்டை, ஒரு போத்தல் ஊறுகாய், மூன்று பைக்கற் பிஸ்கற், தடித்த துவாய். அவள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, இதைத் தூக்கப்போறது நான்" என்றாள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் ஒரு பயணத்துக்கு எவ்வளவு சாமான் போதும் என்ற கேள்வி மிகப் பழையது. அதைப் பற்றி இரண்டு கதைகளை இன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, நாம் வாழும் கனடாவின் கதை. 1896 ஓகஸ்டில் யூக்கொன் பகுதியில், குளொண்டைக் ஆற்றில் கலக்கும் ஓர் ஓடையில் பொன் கண்டெடுக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூலையில் செய்தி சியாற்றில் துறைமுகத்தை எட்டியது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வடக்கு நோக்கிப் புறப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பல்லாயிரம் பேர் தெரிந்தெடுத்தது, அலாஸ்காக் கரையிலிருந்து சில்கூட் கணவாயைக் கடந்து பெனற் ஏரிக்குச் செல்லும் 53 கிலோமீற்றர் பாதையை. ரிலிங்கிற் பூர்வகுடி மக்கள் நெடுங்காலமாகத் தம் வணிகத்துக்குப் பயன்படுத்திய வழி அது.

அந்தக் குளிர்காலத்தில் டோசன் நகரில் உணவுக்குப் பெருந்தட்டுப்பாடு வந்தது. ஆகவே, ஓராண்டுக்கான உணவு இல்லாதவர்களைக் கணவாயின் உச்சியில் நின்ற வடமேற்குக் குதிரைப் பொலிஸார் உள்ளே விடவில்லை. உணவு மட்டும் சுமார் 1,150 இறாத்தல். கூடாரம், அடுப்பு, கருவிகள் எல்லாம் சேர ஒரு தொன் அளவில் வந்தது. அக்காலப் பட்டியல்களில் 400 இறாத்தல் கோதுமை மாவைக் காணலாம்.

ஒரு தொன்னை யார் தூக்குவது? ஐம்பது அறுபது இறாத்தலாகப் பிரித்துக் கட்டினார்கள். ஒரு மூட்டையைக் கொஞ்சத் தூரம் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினார்கள். இப்படி முப்பது நாற்பது நடை. கணவாயின் கடைசி ஏற்றத்தில் பனியை வெட்டி ஏறத்தாழ 1,500 படிகள் அமைத்திருந்தார்கள். காசுள்ளவர்கள் இறாத்தல் கணக்கில் கூலி கொடுத்து ரிலிங்கிற் மக்களைக் கொண்டு சுமப்பித்தார்கள். 1899இல் அருகிலிருந்த இன்னொரு கணவாய் வழியாகப் பெனற் ஏரிக்கு ரயில் வந்ததும் இந்தப் பாதை வெறிச்சோடியது. அவர்கள் கைவிட்ட சாமான்கள் இன்றும் வழிநெடுகக் கிடக்கின்றன. அவற்றை எடுத்துச் செல்லச் சட்டம் இடங்கொடாது.

இரண்டாவது, எமா கேற்வூட் என்ற அமெரிக்கப் பாட்டியின் கதை. பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர், கணவனிடம் அடி உதை பட்டு, பின் விவாகரத்துப் பெற்றவர். 1955இல், 67ஆவது வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியே நடந்து முடித்தார். சுமார் 3,300 கிலோமீற்றர், 146 நாட்கள். ஒரே பருவத்தில் அதைத் தனியே முடித்த முதற் பெண் அவர்தான்.

அவர் கொண்டுபோனது தானே தைத்த ஒரு துணிப்பை. அதை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே ஒரு கம்பளிப் போர்வை, மழைக்கோட்டு, மழைக்கு மறைப்பாகக் குளியலறைப் பிளாஸ்ரிக் திரை, உலர்ந்த திராட்சை, நிலக்கடலை போன்றவை. கூடாரம் இல்லை. காலில் சாதாரண ரெனிஸ் சப்பாத்து.

பாட்டி கெட்டிக்காரி, பொன் தேடிப்போனவர்கள் மூடர் என்று சொல்லிவிடலாமா? கூடாது. பாட்டியின் பாதை ஊர்களுக்குப் பக்கத்தால் போனது. கடைகள் இருந்தன, பல வீடுகளில் சாப்பாடும் கிடைத்தது. சில்கூட்டுக்கு அப்பால் பசிதான் காத்திருந்தது. வழியிலும் போய்ச்சேரும் இடத்திலும் என்ன கிடைக்கும் என்பதே சுமையைத் தீர்மானிக்கிறது.

எங்களுக்கு அதுவும் தெரியாமல் இருந்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய இரவில், எத்தனை நாளைக்கு என்று யாருக்குத் தெரியும்? பலர் ஒரு வாரத்தில் திரும்பலாம் என்று நினைத்தார்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் உடுப்பு, கொஞ்ச அரிசி. பலருடைய கலியாண அல்பங்கள் அலுமாரியிலேயே தங்கிவிட்டன. அதனால்தான் இன்றைக்கும் எங்கள் கை எதையும் விட்டுப்போக மறுக்கிறது என்று நினைக்கிறேன்.

பையும் காலத்தோடு மாறியது. நோர்வேயில் ஓலே பேர்கன் 1909இல் முதுகுக்கு ஏற்ப வளைந்த சட்டம் வைத்த பைக்குக் காப்புரிமை பெற்றார். 1952இல் கலிபோர்னியாவில் டிக் கெல்ற்றி அலுமினியச் சட்டப் பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். அத்தகைய பைகளில் வந்த இடுப்புப் பட்டி, தோளின் பாரத்தை இடுப்புக்கு இறக்கியது.

மலைநடைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள். படுக்கைப் பை அடியில் இருக்கட்டும். சாப்பாடு, அடுப்பு போன்ற பாரமானவை நடுவில், முதுகை ஒட்டி வரவேண்டும். மழைக்கோட்டு மேலே. மருந்தும் வரைபடமும் கைக்கு எட்டும் பொக்கற்றில். மொத்தப் பாரம் உங்கள் எடையில் ஐந்திலொரு பங்கைத் தாண்டாமல் பாருங்கள்.

மகள் கடைசியில் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். தண்ணீர் எங்கே, முகாம் எங்கே, மூன்றாம் நாள் கடை எங்கே என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் நான் ஊறுகாய்ப் போத்தலைத் திரும்பக் குசினிக்குக் கொண்டுபோனேன்.