தோளில் ஏறிய ஊர்

எங்கள் பெரியகுளத்தில் யாரும் கொடைக்கானல் என்று முழுப்பெயர் சொல்வதில்லை. 'மலைக்குப் போறேன்' என்றால் போதும். விறகுக்கும் வேலைக்கும் எங்கள் வீட்டார் தலைமுறை தலைமுறையாக மலைக்குப் போய்த் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் காசு கொடுத்து ஒரு ராத்திரி அங்கே தங்கிய முதல் ஆள் நான்தான். 2019 டிசம்பர், அறுபது முடிந்ததற்காக மகள் எடுத்துக் கொடுத்த அறை. சன்னலைத் திறந்தால் ஏரி. வாடகை எவ்வளவு என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.

மேசைமேல் ஒரு தடித்த அட்டை கிடந்தது. துரைமார் காலத்து விருந்து, நடனம், படகு என்று விடுதிப் பெருமை பேசியது. அந்தத் துரைமார் மேலே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்ற பேச்சே இல்லை. அது எனக்குத் தெரியும். என் பூட்டன் டோலி தூக்கியவர்.

அப்போது மலைக்கு வருகிறவர்களுக்கு ரயில் அம்மையநாயக்கனூர் வரைதான்; இன்று கொடை ரோடு என்கிறோமே, அந்த நிலையம். இறங்கியவர்கள் மாட்டுவண்டியில் வத்தலக்குண்டு வழியாக மலையடிவாரத்துக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புக்கு வருவார்கள். அதற்குமேல் வண்டி ஏறாது. பன்னிரண்டு மைல் செங்குத்துப் பாதை. திடமான துரை மட்டக்குதிரையில் ஏறுவார். அம்மாக்களும் பிள்ளைகளும் நோயாளிகளும் டோலியில். பெட்டி படுக்கை, பாத்திரம், கோழிக்கூடு எல்லாம் தலைச்சுமை. விடியுமுன் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பாதி மலை கடந்துவிடலாம் என்பது பூட்டன் கணக்கு. தோளில் காய்த்திருந்த தழும்பைத் தாத்தா சின்ன வயதில் தொட்டுப் பார்த்திருக்கிறார். கல் மாதிரி இருக்குமாம்.

வெள்ளைக்காரர்கள் மலையேறியது ஆரம்பத்தில் உல்லாசத்துக்கு அல்ல, சாவுக்குப் பயந்து. 1821-இல் நிலஅளவைக்கு வந்த லெப்டினன்ட் வார்டு வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக ஏறிப் பார்த்துவிட்டுப் போனார். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து சேர்ந்த அமெரிக்க மிஷன்காரர்களைக் காலராவும் காய்ச்சலும் வரிசையாகக் கொண்டுபோயின. முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். வாழைப்பழத்துக்குப் பேர்போன மலை. காய்ச்சலும் அங்கே குறைவில்லை. அப்புறம்தான் ஏழாயிரம் அடி உயரத்துக்கு இங்கே வந்தார்கள். 1845-இல் எழுந்த இரண்டு பங்களாக்கள் சன்னிசைடு, ஷெல்டன். மலையில் 'தங்குவது' என்ற வழக்கம் அங்கிருந்து தொடங்குகிறது. கொசுவுக்குத் தப்பி வந்தவர்கள் போட்ட பிள்ளையார் சுழி. (மிஷன்காரர்கள் இந்த உவமையை ரசிக்க மாட்டார்கள்.)

அப்போது ஏரியே கிடையாது. ஓடை பாயும் சதுப்புப் பள்ளம். மதுரைக் கலெக்டர் வேர் லெவிஞ்ச் 1863-இல் கரை போட்டு நீரைத் தேக்கினார். ஏறத்தாழ அறுபது ஏக்கர், நட்சத்திரம் போல நாலாபக்கமும் கை நீட்டிய தண்ணீர். மீன் விட்டார். தூத்துக்குடியிலிருந்து முதல் படகையும் தருவித்தார். இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நிற்பேன். கடற்கரையில் செய்த படகு, சக்கரம் ஏறாத மலை. ஆள் தோளைத் தவிர வேறு எது அதை மேலே கொண்டு வந்திருக்க முடியும்? லெவிஞ்ச் பெயர் நிற்கிறது, நிற்கட்டும். பணி ஓய்வுக்குப் பிறகும் இந்த ஊரிலேயே குடியிருந்து அதற்காக உழைத்த மனிதர். படகைச் சுமந்தவர்கள் கூலி வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள்.

1890-இல் படகுக் கழகம் வந்தது. பொதுமக்களும் படகேறலாம் என்று ஆனது 1932-இல். ஏரி பிறந்து அறுபத்தொன்பது வருஷம் கழித்து.

அதற்குள் பூட்டனின் தொழில் போய்விட்டிருந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் மலைச்சாலை திறந்து மோட்டார் ஏறியது. தோப்பில் காத்திருந்தவர்களை யாரும் கூப்பிடவில்லை. பூட்டன் வத்தலக்குண்டுச் சந்தையில் மூட்டை தூக்கப் போனார். 'ஆளைத் தூக்கினா பேசிக்கிட்டு வருவாங்க, மூட்டை பேசாது' என்பாராம்.

மறுநாள் காலை மகள் படகுக்குக் கூப்பிட்டாள். 'நீ போம்மா' என்றுவிட்டு வட்டக்கானலுக்கு டாக்சி பிடித்தேன். வெள்ளகவிக்கு இறங்கும் பாதையில் நாலைந்து குதிரைகள் அரிசி மூட்டையோடு நின்றன. அந்த ஊருக்கு அப்போது சாலை கிடையாது. ஊருக்குள் செருப்புப் போடுவதும் கிடையாது. குதிரைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும்.

"நடக்க முடியாதவங்களை எப்படிண்ணே மேல கொண்டாறீங்க?"

வாரை இறுக்கிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "டோலிதான்."