மே, ஷல், லாம்

பள்ளியில் எங்கள் ஆங்கில ஆசிரியர் துணைவினைகளைக் கரும்பலகையில் எழுதி, எதிரே தமிழையும் எழுதிப்போடுவார். கேன் என்றால் முடியும். மே என்றால் லாம். மஸ்ட் என்றால் வேண்டும். ஷல் என்பதற்கு எதிரே மட்டும் இடம் வெறுமையாக இருக்கும். தன்மையில் ஷல், முன்னிலையிலும் படர்க்கையிலும் வில். கட்டளையோ உறுதிமொழியோ ஆனால் இரண்டும் இடம் மாறும் என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். 1653இல் ஜான் வாலிஸ் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இடம்பெற்ற விதி இது. முடிவிலிக்குறியைக் கணிதத்துக்குத் தந்தவரும் அவரே. ஆங்கிலேயரே தம் பேச்சில் முழுக்கப் பின்பற்றாத அந்த விதிக்காக, மணியாச்சிக் கரிசலில் நாங்கள் பிரம்படி பட்டோம்.

தேர்வோடு முடிந்துபோகும் பாடம் என்றே இதை நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆட்சிமொழிச் சட்டத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தக் கரும்பலகை மீண்டும் நினைவுக்கு வந்தது.

இந்தியே ஒன்றியத்தின் ஆட்சிமொழி. ஆங்கிலம் பதினைந்தாண்டு தொடரும் என்று அரசமைப்பின் 343ஆம் பிரிவு வகுத்தது. அந்தக் கெடு 1965 ஜனவரி 26இல் முடியவிருந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று 1959இல் நேரு மக்களவையில் வாக்குறுதி அளித்தார். அதைச் சட்டமாக்க 1963இல் வந்த மசோதாவின் மூன்றாம் பிரிவு, கெடு முடிந்த பின்னும் ஆங்கிலம் தொடர்வதைச் சொல்லும் இடத்தில் 'மே' என்ற சொல்லை வைத்தது. தமிழில் சொன்னால், ஆங்கிலம் தொடரலாம்.

மாநிலங்களவையில் அண்ணா அதை எதிர்த்தார். தொடரலாம் என்பதற்குள் தொடராமலும் போகலாம் என்பது அடங்கியிருக்கிறதே என்பதுதான் எதிர்த்தோரின் அச்சம். இங்கே மே என்பதற்கு ஷல் என்றே பொருள் என்றார் நேரு. அப்படியானால் ஷல் என்றே எழுதிவிடலாமே என்று எதிர்ப்பக்கம் கேட்டது. நேருவின் விளக்கத்தை வெறும் சமாளிப்பு என்று தள்ளிவிட முடியாது. ஓர் அதிகாரத்தோடு கடமையும் சேர்ந்திருந்தால் 'செய்யலாம்' என்பது 'செய்தாக வேண்டும்' என்றாகக்கூடும் என்பதை ஆங்கிலச் சட்டமரபு ஏற்றிருக்கிறது. 1880இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஆக்ஸ்போர்டு பேராயர் வழக்கில் இக்கேள்வி விரிவாக அலசப்பட்டது. ஆனால் எந்த இடத்தில் அப்படி ஆகும் என்பதை நீதிபதி சொல்ல வேண்டும். குடிமகன் அதுவரை காத்திருக்க வேண்டும்.

தமிழர்களுக்கு இந்த ஐயம் ஆங்கிலப் புலமையால் மட்டும் வந்ததன்று என்பது என் எண்ணம். வரல் என்பதோடு ஆம் சேர்ந்து வரலாம் ஆகிறது. 'நீ உள்ளே வரலாம்' என்றால் அனுமதி. 'மழை வரலாம்' என்றால் வாய்ப்பு. மே என்னும் சொல்லுக்கும் இதே இரட்டைப் பொருள். இரண்டிலும் வாக்குறுதி இல்லை. மானாவாரிக்காரனுக்கு இதை இலக்கணம் கற்பிக்க வேண்டியதில்லை. புரட்டாசியில் ஈரமில்லாத கரிசலில் கம்பையும் உளுந்தையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பவனுக்கு, 'வரும்' என்பதற்கும் 'வரலாம்' என்பதற்கும் நடுவில் ஓராண்டுச் சாப்பாடு இருக்கிறது.

மசோதா அந்தச் சொல்லோடேயே நிறைவேறியது. நேரு 1964 மே மாதத்தில் மறைந்தார்; வாக்குக் கொடுத்தவர் போனபின் எஞ்சியது சட்டத்தின் சொல் மட்டுமே. 1965இல் மாணவர் கிளர்ச்சி மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர், சிலர் தீக்குளித்தனர். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி நேருவின் உறுதியை மீண்டும் கூறினார். இரண்டு ஆண்டுகளில் தமிழகத்தில் ஆட்சியே மாறியது.

1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தை வகுப்பில் படித்துக்காட்டுவது என் வழக்கம். பழைய 'மே' அழிக்கப்படவில்லை. மூன்றாம் பிரிவின் தொடக்கத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றியம் கொள்ளும் கடிதத் தொடர்புக்கு ஆங்கிலம் என்ற இடத்தில் 'ஷல்' சேர்க்கப்பட்டது. அத்தகைய எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றும்வரை இந்த ஏற்பாடு நீடிக்கும் என்ற உட்பிரிவிலும் அதே ஷல். சட்டத் தமிழில் அதற்கு இப்போது 'செய்தல் வேண்டும்' என்று எழுதுகிறோம். எங்கள் ஆசிரியர் வெறுமையாக விட்ட இடத்தில் அதைத்தான் எழுதிப்போடுகிறேன்.