முயல்களுக்காக ஒரு முழுப் பக்கம்

1980 ஏப்ரல் 15. நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப் பக்க விளம்பரம். அழகின் பெயரால் எத்தனை முயல்களின் கண்ணைக் குருடாக்குகிறீர்கள் என்று ரெவ்லான் அழகுசாதன நிறுவனத்தை அது நேராகவே கேட்டது.

பின்னணியில் இருந்தவர் ஹென்றி ஸ்பைரா. முன்னாள் கப்பல் தொழிலாளி, பள்ளி ஆசிரியர். அவர் குறிவைத்தது டிரெய்ஸ் சோதனையை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஜான் டிரெய்ஸ் 1944-இல் வகுத்த முறை அது. ஷாம்புவோ மஸ்காராவோ, அசைய முடியாமல் பிணைத்த முயலின் கண்ணில் விட்டு, நாள்கணக்கில் புண்ணைக் கவனிப்பார்கள். முயலுக்குக் கண்ணீர் குறைவு. விட்ட பொருள் எளிதில் கழுவிப் போகாது. சோதிப்பவருக்கு வசதிதான்!

ஸ்பைரா முதலில் பேசித்தான் பார்த்தார். நிறுவனம் அசையவில்லை. பிறகுதான் விளம்பரம், புறக்கணிப்பு, அலுவலக வாசலில் முயல் வேடமிட்ட ஆர்ப்பாட்டம். லிப்ஸ்டிக் விற்பவருக்குப் பெயர் கெடுவதைவிடப் பெரிய நஷ்டம் ஏது? அந்த ஆண்டு முடிவதற்குள், மாற்றுச் சோதனை கண்டறிய ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7,50,000 டாலர் தர ரெவ்லான் முன்வந்தது. இன்னொரு அழகுசாதன நிறுவனமான ஏவானும் தன் பங்குக்குப் பணம் போட்டது.

நிறுத்து என்று மட்டும் கத்தாமல், மாற்றுக்குச் செலவு செய் என்று கேட்டதுதான் அவருடைய சாமர்த்தியம்.

பின்னாளில் சட்டமும் வந்தது. விலங்குகள்மீது சோதித்த அழகுசாதனங்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் முழுமையாகத் தடுத்தது. இந்தியா 2014-இல் சோதனையையும், அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியையும் தடைசெய்தது.